மண்டபம் சாலையில் மைலேஜ் குறைவு: காரை மாற்றியமைப்பதா, ஓட்டும் முறையை மாற்றுவதா?

மண்டபம் ஆசிரியை | 2025 ஜூலை 5

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு மண்டபத்தில் ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஐந்து நாள் காரில் சென்று வருகிறேன். போக வர ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆகிறது. வண்டி 2014இல் வாங்கிய 1 லிட்டர் பெட்ரோல் வேகன் ஆர். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதன்படி 2023 தொடக்கத்தில் லிட்டருக்குச் சராசரியாக 19.2 கி.மீ. கிடைத்த வண்டி, கடந்த மூன்று மாதங்களாக 15.5 கி.மீ.தான் தருகிறது. ஓடும் சாலையும் ஓட்டும் ஆளும் மாறவில்லை.

வெளிநாடுகளில் சிலர் காரின் முன் கிரில்லை (எஞ்சினுக்குக் காற்று புகும் முன்பக்க வலையை) அட்டையால் மூடியும், சக்கரங்களுக்குத் தட்டையான மூடி போட்டும், வண்டியின் அடிப்பகுதியைத் தகட்டால் மறைத்தும் எரிபொருளை மிச்சப்படுத்துவதாகப் படித்தேன். என் தம்பி கிரில்லை மூட அட்டையை வெட்டியே வைத்துவிட்டான். செய்வதற்கு முன் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

சேது டாக்சி | 2025 ஜூலை 5

வணக்கம் டீச்சர். 1998 முதல் இதே சாலையில் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்று பிழைக்கிறேன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். விளம்பரத்தில் வரும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டி அளந்தது. உச்சிப்புளியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல் நெருங்கி வர, மறைப்பாக ஒரு மேடுகூட இல்லாத நம் நிலத்தின் காற்று அந்த அளவில் சேராது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலுக்குச் சிக்னல் விழாமல் இருந்தது என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளும் அறிவார்கள். ரயிலையே நிறுத்தும் காற்று, உயரமான சிறு காரை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசுகிறது. காலையில் நீங்கள் மண்டபம் போகும்போது அது முதுகில் தள்ளும், அந்த நேரத்தில் காற்றும் சற்றுத் தணிந்தே இருக்கும். மாலையில் ராமநாதபுரம் திரும்பும்போது முகத்தில் அறையும். ஐப்பசி பிறந்து வாடை, அதாவது வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். ஆகவே ஜூலை மாத நோட்டை ஜனவரி மாத நோட்டோடு ஒப்பிடாமல், போன ஆண்டு ஜூலையோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

பரமக்குடி மாணவன் | 2025 ஜூலை 6

நான் எந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐயா சொன்னதை எண்ணில் வைத்துப் பார்த்தேன். காற்றின் எதிர்ப்பு, வண்டிக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேகத்தின் வர்க்கமாக உயர்கிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். டீச்சர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும்போது 25 கி.மீ. வேகக் கச்சான் நேர் எதிரே வீசினால், வண்டிக்கு அது 85 கி.மீ. காற்று, எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. அதே காற்று முதுகில் இருந்தால் 35 கி.மீ. காற்றாகி, எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நட்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கூட்டிப் பார்த்தால் அப்படி ஆகவில்லை: இரண்டின் சராசரி 1.17, அதாவது காற்றில்லாத நாளைவிடக் காற்றெதிர்ப்பு 17 சதவீதம் அதிகம். இந்த வேகத்தில் சிறு காரை இழுத்துப் பிடிக்கும் விசையில் ஏறக்குறைய சரிபாதி காற்றும் மீதி டயரின் உருளல் எதிர்ப்பும் என்று கொண்டால், மொத்தச் சுமை எட்டு ஒன்பது சதவீதம் கூடுகிறது.

இதற்கு அட்டையும் தகடும் வேண்டியதில்லை. மாலையில் மட்டும் 60க்குப் பதில் 50இல் வந்தால் எதிர்க்காற்று 75 கி.மீ. ஆகி, எதிர்ப்பு இரண்டு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்கு இறங்கிவிடும். 40 கிலோமீட்டர் தொலைவுக்கு எட்டு நிமிடம் கூடுதலாகும். காலையில் காற்று தள்ளும்போது வழக்கமான வேகத்தில் போகலாம்.

பட்டறை | 2025 ஜூலை 6

தம்பியின் கணக்கு சரி. ஆனால் காற்று போன ஆண்டும் வீசியது, அதற்கு முந்தைய ஆண்டும் வீசியது. 19இலிருந்து 15க்கு இறங்கியதற்குக் காற்று காரணமாக முடியாது. வண்டியில் கோளாறு இருக்கிறது. டீச்சர், அட்டையைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் வண்டி எங்காவது சூடேறி நின்றதா? பிரேக் காலிப்பர்களை (பிரேக் கட்டையைப் பிடித்து அழுத்தும் பகுதிகளை) எப்போது கழற்றிச் சுத்தம் செய்தீர்கள்?

இரண்டாவதை ஏன் கேட்கிறேன் என்றால், கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் ஓடும் வண்டிக்கும் மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் ஓடும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை ஜாக்கியில் தூக்கிய உடனே கண்டுகொள்ளலாம். உப்புக்காற்று காலிப்பரின் நழுவு ஊசிகளில் துருவேற்றி இறுக்கிவிடும். காலை எடுத்த பிறகும் பிரேக் கட்டை, சக்கரத்தோடு சுற்றும் வட்டை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, சத்தமும் வராது. சோதிப்பது எளிது. பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, தானாக உருண்டு நிற்கவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கேதான் உங்கள் பெட்ரோல் போகிறது.

கீழக்கரை இளவல் | 2025 ஜூலை 6

அஸ்ஸலாமு அலைக்கும். பட்டறைக் காக்கா (அண்ணன்) சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் கிரில்லை மூடுவதை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. புதிய கார்கள் சிலவற்றில் நிறுவனமே கிரில்லுக்குள் திறந்து மூடும் தகடுகளை வைக்கிறது; பயன் இல்லாமல் செலவு செய்ய மாட்டார்கள் அல்லவா? நான் என் வண்டியில் கீழ்க் கிரில்லைப் பாதி மூடிச் சாயல்குடி வரை ஓட்டியிருக்கிறேன், 1 கி.மீ. கூடுதலாகக் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தேன். ஒரு சொட்டும் மிச்சமாகவில்லை. யாரும் அதில் பணம் போட வேண்டாம்.

பட்டறை | 2025 ஜூலை 7

தம்பி, நிறுவனம் வைக்கும் தகடு எஞ்சினின் சூட்டையும் ஏசியின் தேவையையும் பார்த்து நொடியில் திறந்துகொள்ளும். அட்டை திறக்காது. பனி கொட்டும் நாடுகளில் எஞ்சின் சூடேறவே நெடுநேரம் ஆகும் என்பதால் கிரில்லை மூடினால் அங்கே இரண்டு வழியில் ஆதாயம்: காற்றும் குறையும், எஞ்சினும் விரைவில் சூடாகும். நமக்கு மார்கழிக் காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மேலும் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அதற்குக் காற்று குறைந்தால் கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் உழைக்கும், ரேடியேட்டர் விசிறி விடாமல் சுற்றும். முன்னால் மிச்சப்படுத்தியதைப் பின்னால் இழப்பீர்கள். நீங்கள் சாயல்குடிக்கு எந்த மாதத்தில் போனீர்கள், திரும்பி வந்த கணக்கையும் சேர்த்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். அந்தச் சாலை தென்மேற்காகப் போகிறது. வாடைக் காலத்தில் போனவருக்கு 1 கி.மீ. காற்றே கொடுத்திருக்கும்.

மாற்றியமைப்பைப் பற்றிப் பொதுவாக ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வெளியே துருத்தும் தகடுகளை அடிப்பகுதியில் நீங்களாகப் பொருத்தி அது பாலத்தில் கழன்று விழுந்தால், பின்னால் வரும் பைக்காரரின் நிலை என்னவாகும்? கழற்ற வேண்டியவை வண்டியில் ஏராளமாக இருக்கின்றன, அவற்றில் தொடங்குங்கள். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி கார்டை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. அதுவும் சுமை, காற்றுக்கும் தடை. அழகுக்காக மாட்டிய அகல டயர்களும் அப்படியே.

தொண்டி மீன்வண்டி | 2025 ஜூலை 7

கழற்றுவதைப் பற்றி என் அனுபவம். கூரைக் கேரியரில் நான்கு தெர்மாகோல் பெட்டிகளை வைத்துத் தொண்டியிலிருந்து ராமநாதபுரம் சந்தைக்கு மீன் கொண்டுவருகிறேன். பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் கேரியரோடு திரும்புவதைப் பல ஆண்டுகள் பொருட்படுத்தியதில்லை. கேரியரைக் கழற்றிவிட்டு, பின் இருக்கையை மடக்கிப் பெட்டிகளை உள்ளே வைக்கத் தொடங்கியதிலிருந்து லிட்டருக்கு 2 கி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கசியும் ஐஸ் தண்ணீரை வடிய விடுகிறேன். உள்ளே வாடை அடிக்கத்தான் செய்யும். வீட்டில் அதற்காக ஏச்சும் கேட்கிறேன். எனினும் மாதக் கடைசியில் மிஞ்சும் பணம் பிள்ளையின் கல்லூரிப் பேருந்துக் கட்டணத்துக்கு உதவுகிறது.

மண்டபம் ஆசிரியை | 2025 ஜூலை 8

பட்டறை அண்ணன் கேட்டதற்குப் பதில். 2023 மே மாதம் உச்சிப்புளிக்கு அருகே வண்டி சூடேறி நின்றது. அக்கம்பக்கத்தில் உதவிக்கு வந்தவர்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி அனுப்பினார்கள். அடுத்த நாள் ஒரு பட்டறையில் காட்டினேன். ஏதோ வால்வைக் கழற்றிவிட்டதாகவும், இனிமேல் சூடேறவே ஏறாது என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடி அதன் பிறகு ஒரு முறையும் ஏறவில்லை. பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ததாக நினைவில்லை.

பட்டறை | 2025 ஜூலை 8

டீச்சர், காரணம் கிடைத்துவிட்டது. அவர்கள் கழற்றியது தெர்மோஸ்டாட் வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து, 80 பாகையைத் தாண்டிய பிறகு திறந்துவிடுவதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் கூலண்ட் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்த சாலையில், அதுவும் எதிர்க்காற்றில், எஞ்சின் உரிய சூட்டை எட்டவே எட்டாது. எஞ்சின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நம்பி, அதன் கணினி தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எண்ணெயும் தடித்தே ஓடும். நம் மாவட்டத்தில் இந்தத் தவறு பரவலாக நடக்கிறது. உப்புத் தண்ணீரை ஊற்றுவதால் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிவு கட்டி அடைத்துக்கொள்கிறது, வண்டி சூடேறுகிறது. அடைப்பை எடுப்பதற்குப் பதில் வால்வைக் கழற்றி அனுப்பிவிடுகிறார்கள். வண்டிக்காரரும் சூடு குறைந்ததே என்று மகிழ்ந்து போய்விடுகிறார். பெட்ரோல் கணக்கு எழுதாதவருக்கு அது கடைசி வரை தெரிவதில்லை. நீங்கள் எழுதியதால் தெரிந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள இணைப்பில் சிறிய ஸ்கேன் கருவியைச் செருகினால் கைப்பேசியில் கூலண்ட் சூடு தெரியும். அரை மணி நேரம் ஓடிய பிறகும் 70 பாகைக்குக் கீழே இருந்தால் நான் சொன்னது உறுதி. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, நிறுவனத்தின் அசல் தெர்மோஸ்டாட்டைப் போட்டு, உரிய கூலண்ட் ஊற்றுங்கள். கலக்க வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

கீழக்கரை இளவல் | 2025 ஜூலை 9

நான் சாயல்குடிக்குப் போனது டிசம்பரில். வரும் வழியின் கணக்கை எழுதவில்லை. காக்கா சொன்னதை ஒப்புக்கொண்டு, இன்று காலை அட்டையை எடுத்துவிட்டேன். ஓட்டும் முறையில் ஒரு சந்தேகம். பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் செய்கிறார்கள். சிலர் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். இது சரியா?

சேது டாக்சி | 2025 ஜூலை 9

தம்பி, தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். அந்தப் பாலத்தில் கடலைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்களும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கிறவர்களும் எப்போதும் இருப்பார்கள். எஞ்சினை அணைத்தால் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பக்கவாட்டில் காற்று இழுக்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. நான் கண்ணால் கண்டிருக்கிறேன், அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

பரமக்குடி மாணவன் | 2025 ஜூலை 9

ஐயா சொன்னதோடு பெட்ரோல் கணக்கையும் சேர்க்கிறேன். இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணைந்துபோகாமல் இருக்கத் தானே பெட்ரோல் குடிக்க வேண்டும். இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய பாலத்தில் கியரில் இறங்குவதே சிக்கனம். கணினி இல்லாத கார்புரேட்டர் எஞ்சின் காலத்துப் பழக்கம் இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிற்கும்போது அணைப்பது வேறு. ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் சிறு காருக்கு நூறு மில்லிக்கு மேல் செலவாகும். ஏசியும் ஓடினால் இன்னும் அதிகம். அங்கே அணைத்துவிடலாம்.

தொண்டி மீன்வண்டி | 2025 ஜூலை 10

டயர் காற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் நிறுவனம் சொன்னதைவிட 5 பிஎஸ்ஐ கூட்டி வைக்கிறேன், வண்டி நன்றாக உருளுகிறது.

பட்டறை | 2025 ஜூலை 10

உருளும், ஆனால் நிற்காது. தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனை வரை சாலையில் மணல் படிந்துகிடக்கும். அங்கே டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டால் பிரேக் பிடிக்கும் தூரம் நீண்டுவிடும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை வையுங்கள், முழுச் சுமைக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் மீன் ஏற்றும் நாளில் அதை வையுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும் என்பதே முக்கியம். 20 கி.மீ. ஓடி வெயிலில் பெட்ரோல் பங்குக்குப் போய் அளந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். பையன் அதை இறக்கிவிடுவான். மறுநாள் காலை டயர் தொய்ந்து நிற்கும். மைலேஜ் குறைவாக என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் டயரில் காற்று குறைவுதான். வீட்டில் ஒரு சிறிய அளவுமானி இருக்கட்டும்.

மண்டபம் ஆசிரியை | 2025 ஆகஸ்ட் 10

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஸ்கேன் கருவி மண்டபம் போகும் வழி முழுவதும் 64 முதல் 68 பாகைக்குள் காட்டியது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து தெர்மோஸ்டாட் போட்ட பிறகு 88இல் நிலைத்து நிற்கிறது. இடது முன் சக்கரத்தின் காலிப்பர் ஊசி ஒன்று துருவேறி அசையாமல் இருந்தது. கையால் சுற்றினால் அரைச் சுற்றில் சக்கரம் நின்றுவிட்டது. இரண்டையும் சரிசெய்தபின், ஒரே பங்கில் ஒரே குழாயில், தானாக நின்றதும் மேற்கொண்டு ஊற்றாமல் மூன்று முறை நிரப்பி அளந்தேன். சராசரி 17.6 கி.மீ. மாலையில் 50இல் வருவதையும், தொலைவில் மாடு நிற்பதைக் கண்டதும் காலை எடுத்து விடுவதையும் இரண்டு வாரமாகப் பழகியிருக்கிறேன். கடைசி நிரப்பலில் 18.2 வந்தது. மொத்தச் செலவு 4,300 ரூபாய் ஆனது. தம்பி வெட்டிய அட்டை பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குப் போய்விட்டது. பழைய 19.2 இன்னும் எட்டவில்லையே, வேறு ஏதேனும் கோளாறு இருக்குமா?

பரமக்குடி மாணவன் | 2025 ஆகஸ்ட் 11

டீச்சர், அது வண்டியின் கோளாறு அன்று. 2023 தொடக்கத்தில் நீங்கள் ஊற்றியது பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இப்போது கலப்பு 20 சதவீதம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் 21தான். அதன்படி பழைய கலவையைவிடப் புதியதில் மூன்றரை சதவீதம் ஆற்றல் குறைவு. 19.2இல் மூன்றரை சதவீதத்தைக் கழித்தால் 18.5. நீங்கள் 18.2இல் இருக்கிறீர்கள், அதுவும் கச்சான் காலத்தில். உங்கள் வண்டி அந்தக் கலவை வருவதற்கு முன் செய்தது என்பதால், எரிபொருள் குழாய்களின் ரப்பர் பகுதிகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சேது டாக்சி | 2025 ஆகஸ்ட் 11

மகிழ்ச்சி டீச்சர். ஐப்பசி பிறந்ததும் காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். அப்போது வாடை எதிரே நிற்கும். பள்ளி மணிக்காக அவசரப்பட்டு மிதித்தால் மாலையில் மிச்சப்படுத்தியதெல்லாம் காலையில் போய்விடும்.

மண்டபம் ஆசிரியை | 2025 ஆகஸ்ட் 12

நோட்டில் லிட்டருக்கும் கிலோமீட்டருக்கும் பக்கத்தில் காற்று எந்தத் திசை என்று எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் கொடிமரத்தைப் பார்த்து எனக்குச் சொல்கிறார்கள். வாடைக் காலத்து எண்களைத் தை மாதம் இங்கேயே பதிவிடுகிறேன்.

பட்டறை | 2025 ஆகஸ்ட் 12

மழை தொடங்கும் முன் பின் சக்கரங்களின் பிரேக் டிரம்மையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், டீச்சர். கை பிரேக் போட்டபடி கடலோரத்தில் நாள் முழுவதும் நிற்கும் வண்டிக்கு அங்கேயும் கட்டை ஒட்டிக்கொள்ளும். பள்ளி வளாகம் சமதரையாக இருந்தால் கை பிரேக் வேண்டாம். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும்.